இப்போதைக்கு வெட்டிய பைப்

சென்ற மாதம் சீனு போன் செய்தான். எங்கள் தொழிற்சாலை கராஜில் கடைசி சில வருடங்கள் என்னோடு வேலை பார்த்தவன். இப்போது வேலையை விட்டுவிட்டு ஹப்சிகுடாவில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறான். எதாவது சந்தேகம் வந்தால் மட்டும் என் ஞாபகம் வரும். வரட்டும், எனக்கும் பொழுது போக வேண்டுமே.

"அக்கா, ஒரு பழைய பிக்கப் வந்திருக்கு. பெரிய இன்ஜின் வாங்கி வெச்சிருக்காரு. அதை மாட்டணும். சைலன்சர் வேணாமாம். நேர் பைப்பா போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னாடியே வெட்டி விட்டுடச் சொல்றாரு. சவுண்டு வரணுமாம். எத்தனை இஞ்ச் பைப் போடலாம்?"

"பின்னாடி மேலே மூடியிருக்கா?" என்று கேட்டேன்.

"ஹவ் அக்கா, ஆமா. கேட்டரிங் வண்டி. தார்ப்பாய் போட்டிருக்காரு. பரிமாற வர்ற பொண்ணுங்க அதுலதான் உட்காருவாங்க."

அதற்கப்புறம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. என் கணவர் டிவியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். சீனு பாவம், நடுவில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான். "எதுக்கு அக்கா இவ்வளவு டென்ஷன்? கஸ்டமர் கேக்கறாரு, இப்போதைக்குப் போட்டுக் குடுத்துட்டு, அப்புறமா நீட்டிக்கலாம்னு பாத்தேன்."

இப்போதைக்கு. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது. ஏன் எரிகிறது என்று அவனுக்குப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வெல்டர். அப்பா அரக்கோணத்திலிருந்து வந்து செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்தவர். வீட்டில் எனக்குப் பின்னால் மூன்று தம்பிகள். எவனுக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது. ஐ.டி.ஐ.யில் வெல்டிங் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். அந்தக் கதையை எல்லோரும் கேட்பார்கள், பேட்டி எடுப்பதுபோல். அதில் சொல்ல ஒன்றுமில்லை. கண் எரிந்தது, கையில் தீப்பொறி பட்டது, சில பையன்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள். பரீட்சை எழுதி ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். சில வருடங்கள் பெரிய ஷெட்டில் இருந்துவிட்டு, கராஜுக்கு மாற்றப்பட்டேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

கராஜில் எங்களுக்கு மேலே டிரான்ஸ்போர்ட் மேனேஜர். பெயர் சுந்தரேசன். தமிழர். அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரைப் போன்றவர்களை யாரும் கெட்டவர் என்று சொல்லமாட்டார்கள்.

அவர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலத்தில் ஏலக்காய். பேசுவதற்கு முன்னால் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். யாருடைய வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருடைய பெண்ணுக்குப் பரீட்சை, எல்லாம் ஞாபகம் வைத்து விசாரிப்பார். எதையும் 'செய்' என்று சொல்லமாட்டார். 'செய்யாதே' என்றும் சொல்லமாட்டார். "முடிச்சிடலாமா?" என்று கேட்பார். நாம் சொல்லும் மறுப்பையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். கடைசியில் மறுபடியும், அதே மென்மையோடு, "அப்ப முடிச்சிடலாமா?" என்பார். வேலை முடிந்து, நன்றாக நடந்தால் அவர் சொன்னது. கெட்டால் நாம் செய்தது. இத்தனை வருடத்தில் அவர் ஒரு வண்டியின் அடியில் குனிந்து பார்த்து நான் பார்த்ததில்லை. சட்டை அழுக்காகிவிடும்.

தொழிற்சாலைக்குச் சொந்தமாக ஊருக்கு வெளியே ஒரு பாறைக் குன்றின் மேல் ஒரு சோதனைக் கூடம் இருந்தது. அங்கே வேலை செய்பவர்களுக்கு மெயின் கேன்டீனிலிருந்துதான் சாப்பாடு போகும். சாப்பாட்டுப் பாத்திரங்களையும், பரிமாறவும் கூட்டிப் பெருக்கவும் போகும் கான்ட்ராக்ட் பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் தினமும் காலையில் போய்வரும். பின்பக்கம் தார்ப்பாய்க் கூடாரம். டிரைவர் மல்லேஷ். அந்த வண்டியின் மேல் அவனுக்குத் தன் வீட்டு மாட்டைப் போல ஒரு பிரியம்.

வண்டிக்கு வயதாகிவிட்டது. குன்று ஏறும்போது மூச்சு வாங்கும். ஒருநாள் நடு ஏற்றத்தில் நின்று, சாம்பார் எல்லாம் பின்னால் கொட்டி, மேலே இருந்த விஞ்ஞானிகள் பட்டினி. போன் பறந்தது. புது வண்டி கேட்டால் மேலிடத்தில் அனுமதி வரத் தாமதமாகும். இனி உதவாது என்று கண்டம் செய்து ஒதுக்கி வைத்திருந்த ஒரு பெரிய வேன் ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தது. பாடி போயிருந்தாலும் இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. அந்த இன்ஜினை இறக்கிப் பிக்கப்பில் மாட்டுவது என்று முடிவானது. தப்பான முடிவு இல்லை. நல்ல முடிவு. இன்றும் சொல்வேன்.

இன்ஜின் வேலை ஜஹாங்கீர் பாய் பார்த்தார். பிரிப்பது, மாட்டுவது எல்லாம் அவர். இரும்பை வெட்டுவது, ஒட்டுவது நான். இரண்டு பேருக்கும் அது திருவிழா மாதிரி. புது இன்ஜின் பழையதைவிட நீளம். முன்னால் ரேடியேட்டரைத் தள்ளிவைத்தோம். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் பழைய தாங்கிகளை அறுத்துவிட்டு, இன்ஜினை சங்கிலியில் தொங்கவிட்டு, அளந்து, மறுபடி அளந்து, தடித்த தகட்டில் புதுத் தாங்கிகள் செய்து வைத்தேன். ஒவ்வொரு தாங்கிக்கும் கீழே ரப்பர். இன்ஜின் ஆடினால் அந்த ஆட்டம் ரப்பரோடு நிற்க வேண்டும், வெல்டிங் வரை வரக்கூடாது.

பிரச்சினை புகை போகும் பாதையில்தான். பழைய இன்ஜினுக்குப் புகை இடது பக்கம் வெளியேறும். இதற்கு வலது பக்கம். அதே பக்கம்தான் இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார். பைப் அதை உரசுவதுபோல் இறங்க வேண்டியிருந்தது. சூடு படாமல் நடுவில் ஒரு தகடு வைத்து மறைக்கலாம் என்று ஜஹாங்கீர் பாய் சொன்னார். பழைய பைப் இந்த இன்ஜினுக்கு ஒல்லி. புதிதாக அகலமான பைப் வேண்டும், பெரிய சைலன்சர் வேண்டும், அதற்கப்புறம் அந்த அகலப் பைப் பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து ஏறி இறங்கி, வண்டியின் வாலையும் தாண்டி வெளியே முடிய வேண்டும். வாலைத் தாண்டி. அதுதான் முக்கியம். கூடாரம் போட்ட வண்டியில் புகை கடைசியில்தான் வெளியேற வேண்டும், அடியில் அல்ல. அந்த வளைவை கராஜில் செய்ய எங்களிடம் மெஷின் கிடையாது. ராணிகஞ்சில் பைப் வளைப்பவர்களிடம் கொடுத்து வாங்க வேண்டும்.

அந்த நேரத்தில் தகவல் வந்தது. டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி சோதனைக் கூடத்தைப் பார்க்க வருகிறார். கண்டம் செய்த இன்ஜினில் பழைய வண்டிக்கு உயிர் கொடுத்ததை அவருக்குக் காட்ட வேண்டும்.

சுந்தரேசன் சார் ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வசந்தா, ஜோரா வந்திருக்கும்மா. பைப் மட்டும்தானே பாக்கி?"

"ஆமா சார். ராணிகஞ்சுக்கு ஆள் அனுப்பணும். பின்னாடி வளைவு வேணும்."

"சைலன்சர் வரைக்கும் வந்தாச்சில்ல? அதோட வெட்டி விட்டா ஓடாதா?"

"ஓடும் சார். ஆனா புகை வண்டிக்கு அடியிலேயே விழும். மேலே வண்டித் தரையெல்லாம் துருப்பிடிச்சு ஓட்டை. ரப்பர் மேட் போட்டு மறைச்சிருக்காங்க. பொம்பளைங்க உட்கார்ற இடம் சார் அது. அந்தத் தரையையும் தகடு வெச்சு அடைக்கணும்."

"தரை வேலை பாடி செக்‌ஷனாச்சேம்மா, நம்ம வேலை இல்லையே." தலையை ஆட்டினார். "நீ சொல்றது கரெக்ட். முழுசா செய்யணும்தான். இப்போதைக்கு வெட்டி விட்டுடலாம். டெல்லிக்காரர் போனதும் மொத வேலை அதுதான். முடிச்சிடலாமா?"

நான் முடியாது என்றேன். ஜஹாங்கீர் பாய் தன் பங்குக்கு, "நக்கோ சாப், வேணாம், ஆள் ஏறற வண்டி" என்றார். சார் கோபப்படவில்லை. எழுத்தில் ஏதாவது தருகிறீர்களா என்று கேட்டேன், அதற்கும் சிரித்தார். "நமக்குள்ள எழுத்து எதுக்கும்மா?" அப்புறம் அதே மென்மையோடு, "டெல்லிக்காரர் வர்ற வரைக்கும் ஆள் ஏத்த வேணாம்னு மல்லேஷ்கிட்ட சொல்லிடறேன். சாப்பாடு மட்டும் போகட்டும். அப்ப முடிச்சிடலாமா?"

ஆள் ஏறமாட்டார்கள் என்று அவர் சொன்னதால் வெட்டினேன். பைப்பின் மூட்டுகளை எல்லாம் வழக்கப்படி சோதித்தேன். பைப்பின் வாயில் ஈரத்துணியை அடைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது எங்கள் முறை. ஓட்டை இருந்தால் குமிழ் வரும். ஒரு மூட்டிலும் வரவில்லை. ஜஹாங்கீர் பாய் பார்த்தார், மல்லேஷ் பார்த்தான்.

டெல்லிக்காரர் வந்தார், பார்த்தார், கைதட்டினார், போனார். வண்டி பாத்திரங்களோடு குன்றின் மேல் பறந்தது. படம் பிடித்து உள்சுற்றுப் பத்திரிகையில் போட்டார்கள். படத்தில் சுந்தரேசன் சார் பானட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்பார்.

அடுத்த திங்கட்கிழமையே பெண்கள் மறுபடி பின்னால் ஏறினார்கள். வேறு வண்டி ஒதுக்கவில்லை என்று கேன்டீனில் சொன்னார்களாம். நான் போய்க் கேட்டேன். "பார்த்துக்கலாம்மா" என்றார். ராணிகஞ்சுக்கு ஆள் அனுப்பினீர்களா என்று கேட்டேன். "அடுத்த வாரம்." அந்த அடுத்த வாரம் வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பெண்களில் ஒருத்தி எல்லம்மா. கணவன் விட்டுப் போனவள், இரண்டு குழந்தைகள், லோத்குண்டா பக்கம் எங்கள் தெருவுக்குப் பின்னால் குடியிருந்தாள். வழியில் பார்த்தால் அக்கா அக்கா என்று நின்று பேசுவாள். கேன்டீனில் இருக்கும் எல்லோருடைய பெயரும், யார் காரம் சாப்பிடமாட்டார்கள், யாருக்குச் சோறு குழைய வேண்டும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள்தான் முதலில் சொன்னாள். தெலுங்கில் சொன்னாள், நான் தமிழில் எழுதுகிறேன்.

"அக்கா, அந்த வண்டியில போனா தலை வலிக்குது. இறங்கினா கொஞ்ச நேரத்துல சரியாயிடுது. கூட வர்ற சாயம்மாவுக்கு வாந்தி வருது. கேட்டா சூப்பர்வைசர், வேலை செய்ய வலிக்குது உங்களுக்குன்னு திட்டறான்."

மறுநாள் நான் சார் அறைக்கு நேராகப் போனேன். எல்லம்மா சொன்னதைச் சொன்னேன். "வெயில்மா. காலையில சாப்பிடாம வர்றாங்க" என்றார். மல்லேஷும் தன் குறையோடு வந்து நின்றிருந்தான். அவன் குறை வேறு. செல்ஃப் மோட்டார் சூடாகிவிடுகிறது, ஒருமுறை நிறுத்தினால் மறுபடி எடுப்பதில்லை, கேட்டில் நின்றால் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருக்கிறது என்றான். ஜஹாங்கீர் பாய் கேட்ட மறைப்புத் தகடு இன்னும் வந்திருக்கவில்லை.

"இப்போதைக்கு ஆஃப் பண்ணாம ஓட்டுப்பா" என்றார் சார்.

இதை என் காதால் கேட்டேன்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலையிலிருந்து விடாத மழை. தார்ப்பாயை நான்கு பக்கமும் இறக்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். சோதனைக் கூடத்தின் கேட்டில் அன்றைக்கு ஏதோ கெடுபிடி. வண்டிகள் வரிசை. ஒவ்வொரு வண்டியாகத் திறந்து பாஸ் பார்க்கிறார்கள். மல்லேஷ் இன்ஜினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எடுக்காது, நிறுத்தாதே என்று சொல்லியும் இருக்கிறார்கள். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அடியில் விழும் புகைக்குப் போக ஒரே வழி இருந்தது, மேலே.

அவன் முறை வந்ததும் செக்யூரிட்டிக்காரர் தார்ப்பாயைத் தூக்கினார். யாரும் இறங்கவில்லை. தூங்குகிறார்கள் என்று நினைத்து லத்தியால் தட்டியிருக்கிறார். சாயம்மா மட்டும் கண்ணைத் திறந்து ஏதோ முனகியிருக்கிறாள். மற்ற பெண்கள் பாத்திரங்களின் மேல் சாய்ந்து கிடந்தார்கள். மல்லேஷ் ஓடிவந்து ஒவ்வொருவரையாகத் தூக்கி மழையில் தரையில் கிடத்தினான். அந்த மழைதான், அந்தக் காற்றுதான் அவர்களைக் காப்பாற்றியது. ஒவ்வொருத்தியாக விழித்து வாந்தியெடுத்தார்கள். கூடாரத்தின் உள்கோடியில், தரையில் பெரிய ஓட்டை இருந்த இடத்துக்கு மேலே உட்கார்ந்திருந்த எல்லம்மா மட்டும் விழிக்கவில்லை.

எங்கள் டிஸ்பென்சரி டாக்டர் உஷா ராணி பார்த்த உடனேயே சொல்லிவிட்டார், இது புகை விஷம் என்று. ஆக்சிஜன் வைத்து, செகந்திராபாத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே கூட ஏறிப் போனார். எல்லம்மா பிழைத்தாள். கண்ணைத் திறந்தாள். ஆனால் எழுந்துவந்தது பழைய எல்லம்மா இல்லை. கை நடுங்கிற்று. தன் குழந்தைகளின் பெயரைச் சொல்ல யோசித்தாள். வந்து நின்றவர்களையெல்லாம் பார்த்து ஒரே மாதிரி சிரித்தாள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வராந்தாவில் நான் அழவில்லை. சுவரை உதைத்தேன். குற்ற உணர்ச்சியைப் பற்றி எழுதச் சொல்கிறவர்கள் வேறு யாரிடமாவது கேட்கட்டும். எனக்கு அன்றும் கோபம்தான், இன்றும் கோபம்தான்.

கராஜுக்குத் திரும்பினால் பழி சொல்ல எல்லாம் தயாராகியிருந்தது. டிரைவர் தேவையில்லாமல் இன்ஜினை ஓடவிட்டான். வெல்டிங்கில் விரிசல் விட்டுப் புகை கசிந்திருக்கிறது. இரண்டே காரணம். மல்லேஷும் நானும்.

சுந்தரேசன் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டு, தானே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அத்தனை வருடத்தில் அவர் எனக்கு நாற்காலி போட்டது அன்றைக்குத்தான்.

"வசந்தா, மனசு விட்டுப் பேசறேன். நாம ரெண்டு பேரும் தமிழ்க்காரங்க. வெளியூர்ல வந்து பொழைக்கறோம். நம்மளை நாமே விட்டுக் குடுத்துக்கலாமா? சின்ன விரிசல், கண்ணுக்குத் தெரியலைன்னு சொல்லிடு. ஒரு மெமோவோட போயிடும். மேற்கொண்டு எதுவும் வராம நான் பாத்துக்கறேன். முடிச்சிடலாமா?"

"எல்லம்மா தெலுங்குக்காரி, அதனால பரவால்லையா சார்?"

"அதுக்காகச் சொல்லலைம்மா..."

"பைப்பை வெட்டச் சொன்னது யாரு சார்? நிறுத்தாம ஓட்டச் சொன்னது யாரு?"

ஏலக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். எனக்கும் நீட்டினார். எழுந்து வந்துவிட்டேன்.

விசாரணை கராஜிலேயே நடந்தது. பர்சனல் அதிகாரி, சேஃப்டி அதிகாரி, மூன்றாவதாக உட்கார்ந்தவர் சுந்தரேசன் சார். ஆமாம், அவரேதான். டிரான்ஸ்போர்ட் சம்பந்தப்பட்ட விஷயம், துறைத் தலைவர் இருக்க வேண்டும் என்று விதியாம். டாக்டர் உஷா ராணியைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். பிக்கப்பை, கீழே இறங்கி அடிப்பக்கம் பார்க்கும் பள்ளத்துக்கு மேல் நிறுத்தியிருந்தார்கள். நான் மறுபடியும் ஈரத்துணியை அடைத்தேன், சோப்புத் தண்ணீர் தடவினேன். குமிழ் வரவில்லை.

சேஃப்டி அதிகாரி பேனாவைத் திருகிக்கொண்டே, "சம்பவத்துக்கப்புறம் நீங்க மறுபடி வெல்ட் பண்ணியிருக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"வண்டி உங்க சீல் போட்ட ஷெட்ல இருந்தது சார்."

"சரி. அப்ப மூட்டுல கசிவு இல்லைன்னா, பைப்போட முடிவிலேருந்துதான் வந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க? திறந்தவெளிதானே? காத்துல கலைஞ்சு போயிடாதா?"

சுந்தரேசன் சார் மெதுவாகத் தலையாட்டினார். "அதானே. அவ்வளவு புகை உள்ள போக வாய்ப்பு இருக்கான்னு பாக்கணும்."

"மல்லேஷ், ஸ்டார்ட் பண்ணு" என்றேன். அவன் அவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஏறி ஸ்டார்ட் செய்தான். ஜஹாங்கீர் பாயிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவரே போய்த் தார்ப்பாயை மூன்று பக்கமும் இறக்கிக் கட்டினார். நான்காவது பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

"ஏறுங்க சார். கேட்ல அவங்க உட்கார்ந்திருந்த நேரம் மட்டும் உட்காருங்க. ஒண்ணும் ஆகாதுன்னா, விரிசல்தான்னு நான் ஒத்துக்கறேன்."

யாரும் நகரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பர்சனல் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். சுந்தரேசன் சார் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"வசந்தா, இதெல்லாம் டிராமா" என்றார். அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன்.

அப்போது டாக்டர் உஷா ராணி பேசினார். அவரும் படித்தவர்தான், அதிகாரிதான், இவர்களோடு ஒரே மேஜையில் டீ குடிப்பவர்தான். "நான் ஏற மாட்டேன்" என்றார். "உள்ளே என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனையைப் பார்த்திருக்கேன். தெரியாதுங்கறவங்க ஏறட்டும்."

ஜஹாங்கீர் பாய் இன்ஜினை நிறுத்தினார். கூட்டம் அதோடு கலைந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் சொன்னேன். என்ன நடந்தது என்று கேளுங்கள். 'பல காரணங்கள் சேர்ந்து நடந்த எதிர்பாராத சம்பவம்' என்று முடித்தார்கள். என் மேல் எதுவும் வரவில்லை. மல்லேஷுக்கு எச்சரிக்கை, வண்டி ஓட்டத் தடை, ஸ்டோரில் சாமான் தூக்கும் வேலை. ஆஃப் பண்ணாதே என்று சொன்னவர் யார் என்று நான் சொன்னேன், ஜஹாங்கீர் பாய் சொன்னார். சுந்தரேசன் சார் தனக்கு ஞாபகமில்லை என்றார். ஞாபகம் போனது எல்லம்மாவுக்கு. ஞாபகமில்லை என்று சொல்லித் தப்பித்தது இவர்.

கான்ட்ராக்ட் பெண்கள் எங்கள் ஊழியர்கள் இல்லையாம். அதனால் எங்களுக்குப் பொறுப்பில்லையாம். கான்ட்ராக்டரைக் கேட்டால் வண்டி என்னுடையது இல்லை என்றான். யூனியனுக்குப் போனோம், நானும் ஜஹாங்கீர் பாயும். "அவங்க நம்ம மெம்பர் இல்லையே வசந்தா" என்றார்கள். நான் சந்தா கட்டிவந்த யூனியன்! "கைக்கு பெஹன், எதுக்கு இவனுங்ககிட்ட வந்தோம்?" என்று படியிறங்கும்போது ஜஹாங்கீர் பாய் சொன்னார். டாக்டர் உஷா ராணி மட்டும் விடாமல் மேலே எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லம்மாவுக்கு வைத்தியம் மட்டும் எங்கள் டிஸ்பென்சரியில் பார்க்கலாம் என்று இரக்கப்பட்டு அனுமதித்தார்கள். இரக்கப்பட்டு. வேலை போனது போனதுதான். சாயம்மாவையும் மற்றவர்களையும் அடுத்த கான்ட்ராக்டில் எடுக்கவில்லை. தொல்லை பிடித்தவர்கள் என்று பெயர்.

பைப்? விசாரணை முடிந்த அதே வாரம் ராணிகஞ்சிலிருந்து வளைத்த பைப் வந்துவிட்டது. காலையில் ஆள் போனான், சாயங்காலம் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். அவ்வளவுதான் வேலை. அதை ஆக்சிலுக்கு மேலே ஏற்றி இறக்கி, வாலைத் தாண்டி வெளியே விட்டு, நான்தான் வெல்டு செய்தேன். தரையையும் யாரையும் கேட்காமல் தகடு வைத்து அடைத்தேன். பாடி செக்‌ஷனிலிருந்து ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. அந்த வண்டி பிறகு பல வருடங்கள் ஓடியது. ஆள் ஏற்றக்கூடாது என்று உத்தரவும் வந்தது. வெறும் பாத்திரங்கள் நல்ல காற்றில் போய்வந்தன.

சுந்தரேசன் சார் பதவி உயர்வில் டெல்லி போனார். வழியனுப்பு விழாவில் பாரபட்சமில்லாத மனிதர் என்று பேசினார்கள்.

எல்லம்மாவின் பிள்ளைகளை அவள் தம்பி வளர்த்தான். அவள் மெல்லத் தேறினாள். அடுப்பு வேலை, துணி துவைப்பது எல்லாம் மெதுவாகச் செய்வாள். பெயர்கள்தான் நிற்கவில்லை. என்னை அக்கா என்று அடையாளம் தெரியும். என் பெயர் என்ன என்று கேட்டால் சேலையைத் திருகுவாள். நான் கேட்பதை விட்டுவிட்டேன். வாரத்தில் ஒருநாளாவது அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டு வருவேன். யாருக்காகவும் செய்த தியாகம் இல்லை அது, பின் தெருதானே.

நான் ஓய்வு பெற்ற நாளில் அந்த மாதம் ஓய்வு பெறும் எல்லோருக்கும் சேர்த்து ஆடிட்டோரியத்தில் விழா. குடும்பத்தினரை அழைத்து வரலாம் என்றார்கள். எல்லம்மாவையும் வரச் சொன்னேன். விருந்தினர் பெயர் கொடுக்கும்போது என் கணவர், மகள், எல்லம்மா என்று கொடுத்தேன். விழா ஆரம்பிக்கும் நேரத்தில் என் கணவரும் மகளும் மட்டும் உள்ளே வந்தார்கள்.

"எல்லம்மா எங்கே?"

"கேட்ல நிறுத்திட்டாங்கம்மா" என்றாள் என் மகள். "குடும்பம் மட்டும்தானாம். நாங்க சொல்லிப் பாத்தோம், விடலை."

நான் கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டிக்காரர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். ரூல் மேடம் என்றார். எல்லம்மா நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து, சுவரோரம் நின்றிருந்தாள். நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கார் வந்தது. கேட்டுக் கதவு தானாகத் திறந்தது, சல்யூட் அடித்தார்கள். பின் சீட்டுக் கண்ணாடி இறங்கியது. சுந்தரேசன் சார். தலை முழுக்க நரைத்து, டைரக்டராக ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். அன்றைய சிறப்பு விருந்தினர் அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

"வசந்தா! உனக்காகத்தான் வந்தேன்மா. வெளியே நின்னுட்டு என்ன பண்றே?"

"இவங்களைத் தெரியுதா சார்?"

எட்டிப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். "பார்த்த முகமாத்தான் இருக்கு. உங்க வீட்ல வேலை செய்யறவங்களா?"

எல்லம்மா, பெரிய மனிதர் பேசுகிறார் என்று நடுங்கும் கையைக் கூப்பி நமஸ்தே சொன்னாள். அவரும் கூப்பினார். அதே சிரிப்பு. "சீக்கிரம் உள்ளே வாம்மா. ஆரம்பிச்சிடலாமா?" கண்ணாடி ஏறியது. கார் உள்ளே போய்விட்டது.

செக்யூரிட்டிக்காரரிடம் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. எல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளுக்குக் கிளாஸ் தளும்பும், அதனால் பாதி டீ ஊற்றச் சொன்னேன். உஸ்மானியா பிஸ்கட் வாங்கினோம். அவள் பேரனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அவன் பெயர் மட்டும் வரவில்லை.

ஆடிட்டோரியத்தின் ஒலிபெருக்கி ரோடு வரை கேட்டது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள், கைதட்டினார்கள். என் முறை வந்தது. பெயரைச் சொன்னார்கள். மறுபடி சொன்னார்கள். மூன்றாவது தடவை மைக்கில் வந்தது சுந்தரேசன் சாரின் குரல்.

எல்லம்மா பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி நிமிர்ந்தாள்.

"அக்கா, வசந்தான்னு யாரையோ கூப்பிடறாங்க. ரொம்ப நேரமா கூப்பிடறாங்க."

"கூப்பிடட்டும்" என்றேன். "நீ குடி."